சூட்டு வலியா, பேறுகால வலியா? 36 வாரம் 4 நாள், வயிறு இறுகி இறுகி விடுது

கல்லிடை மூத்தவ | புதன், காலை 7.15

அக்காமார், அண்ணாச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு முடிஞ்சு முக்கூடல்ல இருந்து கல்லிடைக்குறிச்சிக்குக் கூட்டிட்டு வந்து ஒரு மாசம் ஆகுது. 11 வாரத்துல எடுத்த ஸ்கேன் கணக்குப்படி இன்னைக்கு 36 வாரம் 4 நாள். ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 10.4. பி.பி. போன வாரம் 118/76. சுகர் இல்ல. பிள்ளை தலை கீழ, நஞ்சு (நஞ்சுக்கொடி) மேல இருக்குன்னு ஸ்கேன்ல போட்டிருக்கு.

நேத்து சாயங்காலத்துல இருந்து வயிறு கல்லு மாதிரி இறுகி இறுகி விடுது. தினகாலண்டர் தாளுக்குப் பின்னால குறிச்சு வச்சது அப்படியே:

6.10 – 25 விநாடி
6.31 – 40
6.38 – 20
7.05 – 30
7.14 – 45
7.52 – 20

ஏழேகாலுக்கு மேல சாப்பிட்டுட்டுப் படுத்துட்டா. 7.52க்குப் பிறகு 9.40க்குத் தூங்குற வரைக்கும் ஒண்ணும் இல்ல. இன்னைக்கு விடியக்காலம் 5.20க்கும் 5.48க்கும் திரும்ப வந்துட்டு. வலின்னு சொல்ல மாட்டேங்கா, "இறுக்கிப் பிடிக்கு"ன்னுதான் சொல்லுதா. தண்ணி, ரத்தம் எதுவும் படல. பிள்ளை அசைவு நல்லா இருக்கு. நேத்து மத்தியானம் பூரா சொளவை (முறத்தை) மடியில வச்சுக்கிட்டு பீடி சுத்திட்டு இருந்தா, சொன்னா கேக்க மாட்டேங்கா.

ஆச்சி இது சூட்டு வலின்னு சீரகத் தண்ணி போட்டுக் கொடுக்காவ, நெச வலின்னா அதைக் குடிச்சதும் கூடும்ங்காவ. அவ மாமியார் போன்ல "ஹைகிரவுண்டுக்கு (பாளையங்கோட்டை அரசு ஆஸ்பத்திரி) இப்பமே கொண்டு போங்க"ன்னு சொல்லுதாவ. எதை வச்சு முடிவு பண்ண? நேரத்தை எப்படி எண்ணணும்? இங்க இருந்து ஹைகிரவுண்டு போக ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அதை எப்படிக் கணக்குல சேக்க?

---

வார்டு அக்கா | காலை 7.50

தாள்ல எழுதி வச்சீங்க பாருங்க, அதுதான் பெரிய உதவி. "நேத்துல இருந்து விட்டு விட்டு வலிக்கு"ன்னு மட்டும் சொன்னா யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது.

ஒரு இறுக்கம் தொடங்கின நேரத்துல இருந்து அடுத்தது தொடங்குற நேரம் வரைக்கும் எண்ணணும். நிறைய பேர் முடிஞ்ச இடத்துல இருந்து எண்ணுவாங்க, அது தப்பு. ஒரு நிமிஷம் நீடிக்கிற வலி அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் வந்தா, அந்தக் கணக்குல நாலுன்னு வரும். உங்க தாள்ல தொடக்கத்துல இருந்து தொடக்கம் எண்ணினா 21 நிமிஷம், 7, 27, 9, 38. நீளம் 25, 40, 20, 30, 45, 20. இடைவெளி சுருங்கவும் இல்ல, இறுக்கம் நீளவும் இல்ல, படுத்ததும் விட்டுப் போயிருக்கு. ஒத்திகை வலியோட போக்கு இதுதான். நம்ம பக்கம் சூட்டு வலி, பொய் வலின்னு சொல்றது இதைத்தான். ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் 1872-ல இதை விவரிச்சதால, ஸ்கேன் சென்டர்லயும் ஆஸ்பத்திரியிலயும் அவர் பேரைச் சொல்வாங்க.

ஒத்திகை வலி வலிக்கவே வலிக்காது, பேறுகால வலி தாங்க முடியாம இருக்கும்னு ஒரு நினைப்பு இருக்கு. அதை நம்பாதீங்க. ஒத்திகை வலியும் சிலருக்கு நல்லாவே வலிக்கும். நிஜ வலியும் முதல் சில மணி நேரம் மாதவிலக்கு வலி மாதிரி சாதாரணமாத்தான் இருக்கும். வலியோட அளவை விட்டுட்டு அது எப்படி மாறுதுன்னு பாருங்க. நிஜ வலி பெரும்பாலும் பின்னால இடுப்புல பிடிச்சு, சுத்தி முன்னால அடிவயித்துக்கு வரும், சிலருக்குத் தொடை வரைக்கும் இறங்கும். மெதுவா ஏறி, உச்சிக்குப் போய், மெதுவா இறங்கும். படுத்தாலும் நடந்தாலும் நிக்காது, நடந்தா கூடும். கொஞ்ச நேரத்துல, வலி உச்சியில இருக்கிறப்போ அவளால ஒரு வாக்கியத்தை முழுசாப் பேசி முடிக்க முடியாது. ஒத்திகை வலி வயித்துக்கு முன்னால மட்டும் இறுக்கும், இடத்தை மாத்தி உக்காந்தாலோ தண்ணி குடிச்சாலோ தளரும்.

கையால பார்க்கக் கத்துக்கோங்க. அவளை இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, உங்க மூணு விரலோட மெத்தைப் பகுதியை வயித்தோட உச்சியில, மார்புக்குக் கீழ முடியிற இடத்துல, அழுத்தாம வையுங்க. இறுக்கம் வந்தா முதல்ல உங்க விரலுக்குத் தெரியும், அப்புறம்தான் அவளுக்குத் தெரியும். உங்க மூக்கு நுனியைத் தொட்டா எப்படி இருக்கோ அந்த அளவு கெட்டியா இருந்தா லேசு. நாடியை (மோவாயை) தொட்ட மாதிரி இருந்தா நடுத்தரம். நெத்தியைத் தொட்ட மாதிரி விரல் உள்ள போகவே மாட்டேன்னா பலமான வலி. ஒரு பக்கம் மட்டும் முண்டு மாதிரி கெட்டியா இருந்தா அது பிள்ளையோட முதுகு இல்ல பிட்டம், அதை வலின்னு எழுதிடாதீங்க. கர்ப்பப்பை சுருங்கினா வயிறு முழுக்க ஒரே மாதிரி இறுகி முன்னால தூக்கிக்கிட்டு நிக்கும்.

ரெண்டு வலியை எண்ணிட்டு ஓடாதீங்க, ஒரு மணி நேரமாவது எழுதணும். போன்ல எண்ணுற செயலி இருக்கு, தப்பில்ல. ஆனா பொத்தானை அழுத்துற வேலையை வலி படுறவகிட்ட விடக் கூடாது, ஒவ்வொரு தடவையும் கால் நிமிஷம் பிந்திப் போகும்.

இப்ப உங்க தாளை வச்சுப் பார்த்தா பதறத் தேவையில்லைன்னு எனக்குத் தோணுது.

---

மகப்பேறு | காலை 8.20

வார்டு அக்கா எண்ணும் முறையைச் சொன்னதில் குறை ஒன்றுமில்லை. முடிவில்தான் எனக்கு உடன்பாடு இல்லை, காரணம் 36 வாரம் 4 நாள் என்ற கணக்கு. 37 வாரம் முடிந்த வயிற்றுக்கு ஒரு கணக்கு, முடியாத வயிற்றுக்கு வேறு கணக்கு. தாளைத் திரும்பப் பாருங்கள்: 6.10, 6.31, 6.38, 7.05. ஒரு மணி நேரத்துக்குள் நான்கு. 37 முடியாதவளுக்கு இது போதும், இன்றைக்குப் பகலிலேயே பார்த்துவிட வேண்டும். குறைமாத வலி ஒழுங்கான இடைவெளியில் வர வேண்டும் என்றில்லை, வலிக்க வேண்டும் என்றும் இல்லை. "இறுக்கிப் பிடிக்குது", "அடிவயிறு கனத்துக் கீழே இறங்குற மாதிரி இருக்கு", "இடுப்பு சும்மா நச்சு நச்சுன்னு வலிக்குது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கர்ப்பப்பை வாய் திறந்துவிடுவதுண்டு.

37க்கு முன்னால் இறுக்கம் வந்தால் வீட்டில் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. மூத்திரம் போய்விட்டு வந்து, இரண்டு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்து, இடது பக்கம் ஒருக்களித்து ஒரு மணி நேரம் படுக்க வேண்டும். மல்லாந்து படுக்கக் கூடாது. கர்ப்பப்பையின் கனம் பெரிய ரத்தக் குழாயை அழுத்தித் தலை சுற்றும், பிள்ளைக்குப் போகும் ரத்தமும் குறையும். அந்த ஒரு மணி நேரத்தில் நான்கு அல்லது அதற்கு மேல் இறுக்கம் வந்தால் கிளம்பிவிடுங்கள். படுத்து நின்றுவிட்டாலும் எழுந்து வேலை பார்த்ததும் திரும்ப வந்தால் அதுவும் பார்க்கப்பட வேண்டியதுதான். இவளுக்கு விடியற்காலையில் திரும்பியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் செய்வது பெரிய வேலையில்லை. பி.பி., காய்ச்சல், சிறுநீர்ப் பரிசோதனை, இருபது நிமிடம் பிள்ளையின் துடிப்பும் வயிற்றின் இறுக்கமும் தாளில் பதியும் கிராஃப், கர்ப்பப்பை வாய் மூடியிருக்கிறதா என்ற பரிசோதனை. சிறுநீரைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். எரிச்சலே இல்லாமல் இருக்கும் சிறுநீர்த் தொற்று, கர்ப்பப்பையை அடிக்கடி இறுக வைக்கும். மணிக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து பீடி சுற்றுபவர்கள், எழுந்து போக வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, மூத்திரத்தையும் அடக்கி வைப்பார்கள். நிரம்பிய மூத்திரப்பை கர்ப்பப்பையைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது, உடம்பில் நீரும் வற்றுகிறது. இரண்டும் இறுக்கத்தைக் கொண்டு வரும். (புகையிலைத் தூள் தனி விஷயம். பிள்ளை பிறந்து பால் கொடுத்து முடியும் வரை சொளவைப் பரணில் போடச் சொல்லுங்கள்.)

36 வாரத்தில் பிறக்கும் பிள்ளை பார்க்க முழுப் பிள்ளை மாதிரிதான் இருக்கும். சூடு தங்காது, உறிஞ்சத் தெம்பு இருக்காது, ரத்தத்தில் சர்க்கரை குறையும், மஞ்சள் காமாலை அதிகமாக வரும், சிலதுக்கு மூச்சு வாங்கும். அதனால் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும் இடத்தில் பிறப்பது நல்லது. இதுவே 34 வாரத்துக்குக் கீழ் என்றால் அவசரம் இன்னும் கூடும். நுரையீரல் முதிர டெக்ஸாமெத்தசோன் ஊசி 6 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு போட வேண்டும், அது வேலை செய்ய நேரமும் வேண்டும். "விடியட்டும் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால் அந்த நேரம் போய்விடும்.

வாரக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 11 வார ஸ்கேனை வைத்துச் சொன்னது சரி. எட்டாம் மாத ஸ்கேனில் தேதி முன்னே பின்னே போட்டிருந்தால் அதை எடுத்துக்கொள்ளாதீர்கள், அது பிள்ளையின் அளவை வைத்துக் கணக்கிடுவது.

---

பேட்டை பேத்தி | காலை 9.05

இவ்வளவு யோசிக்கணுமா? எங்க பக்கம் ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய் கொடுப்பாவ. சூட்டு வலின்னா வயிறு சுத்தமாகி நின்னுடும், நிஜ வலின்னா பிடிச்சிக்கிடும். ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சு போகும்.

---

கிராம செவிலி | காலை 9.30

பேத்தி, அதைத் தயவுசெஞ்சு யாருக்கும் சொல்லாதிய. விளக்கெண்ணெய் குடிச்சா குடல் முறுக்கும், பேதியாகும், உடம்புல தண்ணி வத்தும். தண்ணி வத்தினா கர்ப்பப்பையும் இறுகும். அப்புறம் எது பேதி வலி, எது பேறுகால வலின்னு குடிச்சவளுக்கும் தெரியாது, பரிசோதிக்கிறவங்களுக்கும் தெரியாது. வலி வர்றதுக்குன்னு வீட்டுக்கே வந்து ஊசி போடுற ஆளுங்களையும் அண்ட விடாதிய. ஊசியோட அளவு கூடினா கர்ப்பப்பை கிழியும், பிள்ளைக்கு மூச்சு முட்டும்.

ஆச்சியோட சீரகத் தண்ணியில தப்பில்ல, குடிக்கட்டும். சூட்டு வலி அதுல அடங்குறதும் நெசந்தான். ஆனா ஒரு செம்புத் தண்ணி உள்ள போகுது, குடிச்சிட்டுப் பத்து நிமிஷம் உக்காருதா, அதுலதான் அடங்குது. சீரகம் குடிச்சா நெச வலி கூடும்னு சொல்லுறதுதான் இடிக்குது. நெச வலி எதைக் குடிச்சாலும் கூடத்தான் செய்யும். வெயில் காலத்துல மோர், இளநீர், நுங்கு, நீராகாரம் எல்லாம் கொடுங்க. சுகர் உள்ளவங்களுக்குப் பதநீர் வேண்டாம்.

தூரக் கணக்கு கேட்டிய. 37 முடிஞ்ச பிறகு பொதுவா சொல்லுறது 5-1-1: அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு, ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம், இப்படியே ஒரு மணி நேரம். பாளையங்கோட்டையிலயே வீடு இருக்கிற தலைச்சம்பிள்ளைக்காரிக்கு அது சரியா வரும். கல்லிடைக்குறிச்சியில இருந்து அந்தக் கணக்குல கிளம்புனா சேரன்மகாதேவி தாண்டுறதுக்குள்ள மூணு நிமிஷத்துக்கு ஒண்ணா ஆயிரும். அதனால பத்து நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு ஒழுங்குக்கு வந்ததுமே பையை வாசல்ல எடுத்து வச்சு வண்டிக்குச் சொல்லிருங்க, ஏழு எட்டு நிமிஷத்துக்கு ஒண்ணு ஆகும்போது வண்டியில இருக்கணும். ரெண்டாவது, மூணாவது பிள்ளைன்னா பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு வந்தாலே கிளம்பிரணும், அவங்களுக்கு வாய் சீக்கிரமா திறக்கும். முன்னால ஆபரேஷன் பண்ணிப் பிள்ளை பெத்தவங்க, ரெட்டைப் பிள்ளை, பிள்ளை குறுக்கயோ பிட்டம் கீழயோ இருக்குன்னு சொன்னவங்க, நஞ்சு கீழ இருக்கிறவங்க, பி.பி. உள்ளவங்க, இவங்கள்லாம் நிமிஷம் எண்ணவே வேண்டாம். முதல் வலியிலயே போயிரணும். ஆனி மாசம் நெல்லையப்பர் தேரோட்டத்து அன்னைக்கு டவுன் வழியா வரணும்னு யோசிக்காதிய, டிரைவர்கிட்ட முன்னாலயே சுத்துப் பாதை பேசி வையுங்க.

கீழ சொல்லுறதுல எது ஒண்ணு வந்தாலும் கடிகாரத்தைப் பாக்காம கிளம்புங்க. மாதவிலக்கு மாதிரி ரத்தம் போகுது. வயிறு ஒரேயடியா கல்லா நிக்குது, நடுவுல தளரவே மாட்டேங்குது (வலியில்லாத நேரத்துல வயிறு மெத்துன்னு ஆகணும், ஆகலன்னா உள்ள நஞ்சு பிரியுதோன்னு சந்தேகப்படணும்). தலை விண்ணு விண்ணுன்னு வலிக்குது, கண்ணு மங்குது, நெஞ்சுக்குழியில வலி, திடீர்னு முகம் கை வீக்கம். காய்ச்சல் குளிர். பிள்ளை அசைவு குறையுது. அசைவுல சந்தேகம்னா சாப்பிட்டுட்டு இடது பக்கம் படுத்து எண்ணச் சொல்லுங்க. ரெண்டு மணி நேரத்துல பத்து அசைவு வரணும், வரலன்னா காத்திருக்க வேண்டாம். வலி வந்தா பிள்ளை அசையாதுன்னு யாரோ கிளப்பி விட்டிருக்காவ, அது தப்பு. கடைசி வரைக்கும் அசையும்.

தண்ணிக்குடம் எப்பவும் சினிமாவுல காட்டுற மாதிரி மடமடன்னு உடையாது. நிறைய பேருக்குக் கசிவுதான். மூத்திரமா, பனிக்குடத் தண்ணியான்னு தெரியலன்னா, மூத்திரம் போயிட்டு வந்து வெள்ளைத் துணியோ பேடோ வச்சு அரை மணி நேரம் படுக்கச் சொல்லுங்க. எந்திரிச்சு நிக்கும்போதும் இருமும்போதும் திரும்ப நனைஞ்சா, மூத்திர வாடை இல்லன்னா, அது பனிக்குடந்தான். நேரத்தைக் குறிங்க, நெறத்தைப் பாருங்க, துணியைக் கையோட எடுத்துட்டுப் போங்க. தண்ணி தெளிவா இருந்தாலும் வலி இல்லன்னாலும் போயே ஆகணும். நேரமாக ஆகக் கிருமி ஏறும். பச்சையாவோ பழுப்பாவோ இருந்தா பிள்ளை உள்ள மலம் போயிட்டுன்னு அர்த்தம், இன்னும் வேகமாப் போகணும். தண்ணி போன பிறகு வீட்டுல யாரும் கை விட்டுப் பாக்கக் கூடாது.

கடைசியா ஒண்ணு. இப்ப ஹைகிரவுண்டுக்குத்தான் ஓடணும்னு இல்ல. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல இந்தப் பரிசோதனையில பாதியை இன்னைக்கே பண்ணிருவாவ, தேவைன்னா அவங்களே எழுதி அனுப்புவாவ. உங்க பக்கத்துல எந்த அரசு ஆஸ்பத்திரியில சீமாங் பிரிவு (அவசரப் பேறுகால, பச்சிளங்குழந்தை சிகிச்சைப் பிரிவு) இருக்கு, ராத்திரியில ஆபரேஷனும் ரத்தமும் கிடைக்குமான்னு உங்க ஊர் செவிலியர்கிட்ட கேட்டுப் பேறுகால அட்டையிலயே எழுதி வையுங்க. ரத்தம் 10.4 கொஞ்சம் குறைவுதான். இரும்புச்சத்து மாத்திரையை டீயோட கொடுக்காதிய, உடம்புல சேராது.

---

அண்ணாச்சி 108 | காலை 10.10

வண்டி விஷயம் மட்டும் சொல்லுதேன். 108-க்குப் பேசும்போது "சீக்கிரம் வாங்க, வலி வந்துட்டு"ன்னு கத்திட்டு போனை வச்சிராதிய. எத்தனை வாரம், எத்தனாவது பிள்ளை, எத்தனை நிமிஷத்துக்கு ஒருதரம் வலி, தண்ணி உடைஞ்சிட்டா, முன்னால ஆபரேஷன் உண்டா – இந்த அஞ்சையும் சொல்லுங்க. தெருப் பேரு தெரியலன்னா கோயில், பள்ளிக்கூடம், ரேஷன் கடை ஏதாவது அடையாளம் சொல்லி, ஒரு ஆளை மெயின் ரோட்டுல நிக்க வையுங்க. ராத்திரியில ஒரு டார்ச் லைட்டும் கையில இருக்கட்டும். பாதி நேரம் சந்துக்குள்ள வீடு தேடுறதுலதான் போகுது. அம்பாசமுத்திரம் ரோட்டுல ரயில்வே கேட் மூடுற நேரத்தையும் சேத்துக் கணக்குப் போடுங்க.

வலி நெருக்கமா வர்றப்ப "வெளிக்கு வருது"ன்னு சொன்னா கழிப்பறைக்கு அனுப்பாதிய. பிள்ளைத் தலை மலக்குடலை அழுத்தும்போது அப்படித்தான் தோணும். அந்த நேரத்துல 35 கிலோமீட்டர் போக நினைக்காம, பக்கத்துல இருக்கிற சுகாதார நிலையத்துக்குப் போங்க. வண்டி வர்றதுக்குள்ள பிள்ளை வந்துட்டுன்னா, காஞ்ச துணியால நல்லாத் துடைச்சு அம்மா நெஞ்சுமேல போட்டு ரெண்டு பேரையும் சேத்துப் போத்துங்க. கொடியை அறுக்காதிய, நஞ்சைப் பிடிச்சு இழுக்காதிய. வண்டியில கிளிப்பும் சுத்தமான பிளேடும் இருக்கு.

தண்ணி உடைஞ்ச கையோட கயிறு மாதிரி ஏதாவது வெளிய தெரிஞ்சா அது தொப்புள்கொடி. உள்ள தள்ளாதிய. முட்டி போட்டு, நெஞ்சு தரையில படுற மாதிரி குனிஞ்சு, பிட்டம் மேல தூக்கி இருக்கச் சொல்லிட்டு உடனே போன் போடுங்க.

---

கல்லிடை மூத்தவ | மாலை 5.40

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பதினொண்ணரைக்குப் பக்கத்து சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். பி.பி. 116/74, காய்ச்சல் இல்ல. துடிப்பு 142. கர்ப்பப்பை வாய் நீளம் அப்படியே இருக்கு, விரல் நுனி மட்டும் போகுதுன்னாவ. யூரின்ல சீழ் செல் இருக்காம், தொற்றுன்னு 7 நாள் மாத்திரை கொடுத்து, ஒரு மணி நேரம் படுக்க வச்சுப் பாத்தாவ. அந்த ஒரு மணி நேரத்துல ஒரு இறுக்கம்தான். வீட்டுக்கு அனுப்பிட்டாவ.

இப்ப ரெண்டு சந்தேகம். விரல் நுனி போகுதுன்னா பேறுகாலம் தொடங்கிட்டுன்னு அர்த்தமா? இன்னொண்ணு, வீட்டுக்கு வந்த பிறகு பேடுல ரூபாய் நாணயம் அகலத்துக்குப் பழுப்பா ஒரு கறை. இதுதான் ரத்தப்பட்டு வர்றதுன்னு சொல்லுவாவளே, அதுவா?

---

வார்டு அக்கா | மாலை 6.25

காலையில உங்க தாள்ல இடைவெளியை மட்டும் பார்த்தேன், முதல் ஒரு மணி நேரத்துல எத்தனைன்னு எண்ணல. மகப்பேறு சொன்னதுதான் சரி. போய்ப் பார்த்தது நல்லதாப் போச்சு.

விரல் நுனியை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. கர்ப்பப்பை வாய்னா வெறும் ஓட்டை இல்ல, மூணு நாலு சென்டிமீட்டர் நீளக் குழாய். தலைப்பிரசவத்துல முதல்ல அந்தக் குழாய் சுருங்கித் தாள் மாதிரி மெலிசாகும், அப்புறம்தான் அகலமாத் திறக்கும். உங்க தங்கச்சிக்கு நீளம் குறையலன்னு சொல்லியிருக்காங்க, அதுதான் நல்ல சேதி. பிள்ளை பெத்தவங்களுக்கு ஒரு விரல், ஒன்றரை விரல் திறந்தபடியே வாரக்கணக்குல இருக்கும். ரெண்டு மணி நேரம் கழிச்சுத் திரும்பப் பார்க்கும்போது மாறியிருந்தாத்தான் பேறுகாலம். உலக சுகாதார நிறுவனத்தோட 2018 வழிகாட்டுதல்படி 5 சென்டிமீட்டர் ஆன பிறகுதான் வேகம் பிடிக்கிற கட்டம் தொடங்குது, அதுக்கு முன்னால உள்ள கட்டம் தலைச்சம்பிள்ளைக்குப் பல மணி நேரம் இழுக்கும். திருப்பி அனுப்பினா கோவிச்சுக்கக் கூடாதுங்கிறது இதனாலதான்.

கறை, பரிசோதனை பண்ணினதால வந்தது. அந்த இடத்துல ரத்த ஓட்டம் அதிகம், விரல் பட்டாலே கொஞ்சம் கசியும். பழுப்பாவோ இளஞ்சிவப்பாவோ ஒரு நாள், ரெண்டு நாள் படலாம். ரத்தப்பட்டு வேற மாதிரி இருக்கும். வெண்டைக்காயை வெட்டினா இழுக்குமே, அந்த மாதிரி கெட்டியான சளி, அதுல சிவப்பு நூல் மாதிரி ரத்தம். 37க்குப் பிறகு அது மட்டும் வந்தா அவசரம் இல்ல, வலி வர ஒரு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். 37க்கு முன்னால வந்தா உடனே காட்டணும். சளி இல்லாம புது ரத்தமா பேட் நனைஞ்சா எந்த வாரமா இருந்தாலும் கிளம்பணும்.

மாத்திரையை இறுக்கம் நின்னதும் நிறுத்திடாதீங்க, ஏழு நாளும் போகணும். முடிஞ்சதும் யூரினைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்க, தொற்று போகலன்னா இறுக்கம் திரும்ப வரும். விழிச்சிருக்கிற நேரம் ரெண்டு மணிக்கு ஒருதரம் மூத்திரம் போகணும், வரலன்னாலும் போய் உக்காரச் சொல்லுங்க. ஒரு நாளைக்கு ரெண்டரை லிட்டர் தண்ணியாவது உள்ள போகணும்.

---

மகப்பேறு | இரவு 8.00

உங்கள் கணக்குப்படி 37 வாரம் முடிவது வருகிற சனிக்கிழமை. அதுவரை அந்தக் காலண்டர் தாளில் ஒரு மணி நேரத்துக்கு நான்கு என்பதுதான் அளவு. சனிக்கிழமைக்குப் பிறகு கிராம செவிலி சொன்ன பத்து நிமிடக் கணக்குக்கு மாறிக்கொள்ளுங்கள். தாளின் மேலேயே இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால், நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் ஆச்சியாலும் பார்த்துச் சொல்ல முடியும்.